அந்தக் கேள்வி வந்தால்

ஜெரூஷா: நிறுத்து, நிறுத்து. எதுக்கு இவ்வளவு வேகம்? தாம்பரம் ஸ்டேஷன்ல வண்டி வர்றதைச் சொல்ற மாதிரி இருக்கு.

கிருபா: நிறுத்தினா மறந்துடுமோன்னு பயம் மேடம்.

ஜெரூஷா: மறந்தா மறந்துட்டுப் போகட்டும். மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன்னு தெரிஞ்சாதான் வம்பு. மறுபடி முதல்லேருந்து. நான்தான் வெளிநாட்டுலேருந்து வந்த அம்மா. கண்ணாடி போட்டிருக்கேன், சிரிக்கிறேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்க."

கிருபா: என் பேரு கிருபா. எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். சொந்த ஊரு ராணிப்பேட்டை. சேர்ந்ததுலேருந்து இங்கதான் லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன்... மேடம், நாளைக்கு இதையெல்லாம் இங்கிலீஷ்ல இல்ல சொல்லணும்? தமிழ்ல எதுக்கு ஒத்திகை?

ஜெரூஷா: விஷயம் உள்ள நின்னுட்டா இங்கிலீஷ் தானா வரும். மத்த ஏழு பேருக்கும் காலையில இப்படித்தான் சொல்லிக்குடுத்தேன். நீதான் கடைசி. சரி, அந்த ரூம்ல யார் யார் இருப்பாங்க?

கிருபா: அங்கீகாரம் குடுக்க வர்ற குழுவுல மூணு பேரு. ஸ்டூடன்ட்ஸ் நாங்க எட்டு பேரு. கதவைச் சாத்திடுவாங்க.

ஜெரூஷா: டீச்சர்ஸ்?

கிருபா: ஒருத்தரும் கிடையாது.

ஜெரூஷா: டீன்?

கிருபா: அவரும் கிடையாது. ஏன் மேடம் இதையே திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க?

ஜெரூஷா: தெரிஞ்சிருக்கணுமில்ல... நீ அங்க என்ன சொன்னாலும், யார் சொன்னதுன்னு அவங்க வெளியில சொல்ல மாட்டாங்க. அது அவங்க விதி. எல்லா காலேஜ்லயும் அப்படித்தான்.

கிருபா: சரி மேடம்.

ஜெரூஷா: வெறும் சரியா... ம். அடுத்தது. "இந்த அங்கீகாரம் உங்க காலேஜுக்கு ஏன் வேணும்?"

கிருபா: இங்க மருத்துவம் சொல்லிக்குடுக்கற முறை உலகத்துல எங்க வெச்சுப் பாத்தாலும் நிக்கும்ங்கறதுக்கு இது ஒரு முத்திரை...

ஜெரூஷா: முத்திரை வேணாம். போஸ்ட் ஆபீஸ் ஞாபகம் வருது.

கிருபா: ஒரு உத்தரவாதம். எங்களுக்கு அப்புறம் படிக்கிறவங்க வெளிநாட்டுல மேல படிக்கப் போனா, நீ எங்க படிச்சே, அது நல்ல காலேஜான்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

ஜெரூஷா: நல்லா இருக்கு. இது நான் சொல்லிக்குடுக்கலையே?

கிருபா: இல்ல மேடம். ஸ்ம்ருதி சொல்றது. அவதானே முதல்ல இதுக்கெல்லாம்...

ஜெரூஷா: ம்.

கிருபா: சாரி மேடம். அடுத்த கேள்வி கேளுங்க.

ஜெரூஷா: தண்ணி குடிக்கிறியா?

கிருபா: வேணாம் மேடம். கேளுங்க.

ஜெரூஷா: "உங்களுக்கு ஒரு குறை இருந்தா யார்கிட்ட சொல்லுவீங்க? சொன்னா நடக்குதா?"

கிருபா: எங்களுக்குப் புகார்ப் பெட்டி இருக்கு. ஹாஸ்டல்ல ஒண்ணு, லைப்ரரி பக்கத்துல ஒண்ணு. போட்டதைக் கமிட்டி பாத்து சீக்கிரமே சரி பண்ணிடறாங்க.

ஜெரூஷா: "ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?"

கிருபா: மெஸ்ல தோசை ஆறிப்போய் வருதுன்னு எழுதிப் போட்டோம். இப்ப சூடா வருது.

ஜெரூஷா: வருதா?

கிருபா: இந்த வாரம் வருது மேடம்.

ஜெரூஷா: சிரிக்காதே, எனக்கும் வந்துடும். "வேற உதாரணம்?"

கிருபா: லைப்ரரி நேரத்தை நீட்டிக் குடுத்தாங்க.

ஜெரூஷா: "நீங்க குடுத்து, நடக்காமப் போன புகார் எதாவது உண்டா?"

கிருபா: அப்படியெல்லாமா மேடம் கேப்பாங்க?

ஜெரூஷா: கேட்டாலும் கேப்பாங்க கிருபா. இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்கறதுதான் அவங்க வேலையே.

கிருபா: அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லிடறேன்.

ஜெரூஷா: இல்லையா?

கிருபா: இல்ல மேடம்.

ஜெரூஷா: யோசிச்சுச் சொல்லு.

கிருபா: நீங்க குடுத்த பதில்ல அப்படித்தானே இருக்கு?

ஜெரூஷா: நான் குடுத்த பதில்... ஆமா. இருக்கு. இரு, இந்த ஏர்ஃபோர்ஸ் விமானம் போகட்டும். காது அடைக்குது.

கிருபா: போயிடுச்சு மேடம்.

ஜெரூஷா: "ஒரு மாணவிக்கு உடம்பு சரியில்லாமப் போனா காலேஜ் எப்படிப் பாத்துக்குது?"

கிருபா: ஹாஸ்டல்ல நர்ஸ் இருக்காங்க. கூப்பிட்ட உடனே டியூட்டி டாக்டர் வருவாங்க. எங்க ஆஸ்பத்திரியிலயே பெட் ஒதுக்குவாங்க. லீவு எடுத்தா அட்டெண்டன்ஸ் பாதிக்காது.

ஜெரூஷா: "சமீபத்துல ஒரு மாணவி இறந்துபோனதாக் கேள்விப்பட்டோம்."

கிருபா: அது அவங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?

ஜெரூஷா: அவங்க காதுக்குப் போயிருக்கலாம். அந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்லுவே?

கிருபா: மூணாவது... இல்ல, கடைசி வருஷ மாணவி. டெங்கு. முடிச்சூர்ல அவங்க வீடு இருக்கற பகுதியில மழைத்தண்ணி தேங்கி, கொசு ஜாஸ்தி. வீட்டுக்குப் போயிருந்தப்போ அங்க தொத்தியிருக்கு. எங்க ஆஸ்பத்திரியில ஐ.சி.யு.வுல வெச்சு எல்லா முயற்சியும் எடுத்தாங்க. காப்பாத்த முடியலை. எங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம். காலேஜ் எங்களுக்குக் கவுன்சலிங் ஏற்பாடு பண்ணிச்சு. சரியா சொன்னேனா மேடம்?

ஜெரூஷா: ஒரு வார்த்தை தப்பலை.

கிருபா: "மூணாவது"ன்னு ஆரம்பிச்சுட்டேன். அதை மாத்திக்கறேன்.

ஜெரூஷா: கிருபா...

சூர்யநாராயணன்: உள்ள வரலாமா? என்ன, இன்னும் பாடம் முடியலையா?

ஜெரூஷா: வாங்க சார். கடைசி ஆள். முடிஞ்சுது.

சூர்யநாராயணன்: உக்காரும்மா, உக்காரு. நீ எழுந்தா நான் ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி ஆயிடும். குவாலிட்டி செல்லுக்குத் தலைவர்னு பேருதான், ஒரு வாரமா நான் பெயின்ட் கடைக்கும் பிளம்பருக்கும்தான் அலைஞ்சுக்கிட்டிருக்கேன். நீதான் கிருபாவா?

கிருபா: ஆமா சார்.

சூர்யநாராயணன்: உன் பேரைப் பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு, சொல்லிடறேன். அந்தப் பொண்ணோட ரூம்மேட்டாச்சே, பாவம், அந்த ரூம்ல போய் அழுதுட்டா என்ன பண்றதுன்னு. டீன்தான் "இருக்கட்டும் சூர்யா, அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணாது"ன்னுட்டார்.

ஜெரூஷா: டீனா சார் அப்படிச் சொன்னார்?

சூர்யநாராயணன்: எனக்கும் ஆச்சரியம்தான். சரி, நானும் ஒரு கேள்வி கேட்டுப் பாக்கறேன். "இந்தக் காலேஜ்ல உனக்குப் பிடிக்காத ஒண்ணு சொல்லு."

கிருபா: கேன்டீன்ல எங்க கூட்டத்துக்கு இடம் பத்த மாட்டேங்குது சார்.

சூர்யநாராயணன்: அடி சக்கை! ஒரு குறையும் சொல்லியாச்சு, யாருக்கும் வலிக்கவும் இல்லை. ஜெரூஷா, இவளை நம்ம செல்லுலயே சேத்துக்கலாம் போலிருக்கே?

ஜெரூஷா: சேத்துக்கலாம் சார்.

சூர்யநாராயணன்: உங்களுக்கு என்ன, முகம் வாடிக் கெடக்கு? நாளைக்கு முடிஞ்சா எல்லாரும் நிம்மதியா தூங்கலாம். காலையில பேட்டி, மத்தியானம் வார்டு, நாலு மணிக்கு, பொம்மையை வெச்சுப் பயிற்சி குடுக்கற சிமுலேஷன் சென்டர் திறப்பு விழா. குழுத் தலைவர் அம்மாவையே விளக்கேத்தச் சொல்லியிருக்கோம். லிஃப்ட்காரன் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடலை, அவனைத்தான் தேடிட்டு வந்தேன். வரட்டுமா? பயப்படாதேம்மா. நல்லபடியா பேசு.

கிருபா: தேங்க்யூ சார்.

ஜெரூஷா: போயிட்டாரா பாரு.

கிருபா: படியிறங்கறார் மேடம்.

ஜெரூஷா: கதவைச் சாத்து. இந்தப் பக்கம் வந்து உக்காரு. பேப்பரையெல்லாம் தூரப் போடு.

கிருபா: ஏன் மேடம்? இன்னும் மூணு கேள்வி இருக்கே...

ஜெரூஷா: அதெல்லாம் கெடக்கட்டும். ஸ்ம்ருதிக்கு என்ன ஆச்சு?

கிருபா: உங்களுக்குத் தெரியாதா மேடம்?

ஜெரூஷா: அந்த வாரம் நான் இங்க இல்லை. என் அம்மாவுக்கு ஆபரேஷன், லீவு. திரும்பி வந்தப்போ மாலை போட்ட போட்டோதான் இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீ பக்கத்துக் கட்டில். நீ சொல்லு.

கிருபா: சொல்லி என்ன மேடம்...

ஜெரூஷா: எனக்காகச் சொல்லு.

கிருபா: அவ முடிச்சூர்ல வீட்டுக்குப் போகவே இல்லை மேடம். ஒரு மாசமாவே போகலை. சின்ன வயசுல அந்தப் பெரிய வெள்ளத்துல அவங்க வீட்டுல மாடிப்படி பாதி வரைக்கும் தண்ணியாம். போட்ல வந்து இறக்கினாங்களாம். அதுலேருந்து மழைன்னாலே அவங்கம்மாவுக்கு நடுக்கம். இங்கேருந்து பஸ்ல போயிட்டு வர்ற தூரம்தானே, ஆனா ஹாஸ்டல்ல போட்டதே அதுக்குத்தான். ஐப்பசி பொறந்துட்டா, "மழை விடற வரைக்கும் வராதே, அங்கயே பத்திரமா இரு"ன்னுடுவாங்க.

ஜெரூஷா: தண்ணிக்குப் பயந்து...

கிருபா: ஆமா மேடம். இங்க எங்க ஜன்னலுக்கு நேரா கீழே அந்த சிமுலேஷன் சென்டர் புதுக் கட்டடம். குழு வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஒரே தடதடன்னு வேலை. லிஃப்ட்டுக்குக் குழி எடுத்தாங்க. லிஃப்ட் வர லேட்டாச்சு. மழை பேஞ்சு குழி ரொம்பிடுச்சு. ஒரு கிணறு மாதிரி. எட்டிப் பாத்தா மேல கொசுப்புழு அப்படியே நெளியுது மேடம். சாயங்காலம் ஆனா ரூம்ல உக்கார முடியாது.

ஜெரூஷா: நீங்க சொல்லலையா யார்கிட்டயும்?

கிருபா: மூணு தடவை பெட்டியில போட்டோம். வார்டன்கிட்ட நேர்ல சொன்னோம். "லிஃப்ட் வந்தா குழியே இருக்காதும்மா"ன்னாங்க. ஸ்ம்ருதிதான் கிண்டல் பண்ணுவா. "நம்ம கம்யூனிட்டி மெடிசின் ஆளுங்களை இங்க சர்வேக்குக் கூப்பிடலாம்டி"ன்னு.

ஜெரூஷா: நான்தானே உங்களை முடிச்சூர்ல வீடு வீடா அனுப்பினேன். கொசுப்புழு இருக்கான்னு பாக்க.

கிருபா: மழைக்கு முன்னாடி அவங்க தெருவுக்கே போனோம் மேடம். அவங்கம்மா எங்க எல்லாருக்கும் ரோஸ் மில்க் குடுத்தாங்க. நான் அவங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தட்டை இழுத்துப் பாத்தேன். பூந்தொட்டி, ட்ரம் எல்லாம் பாத்தேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. "ஆன்ட்டி, உங்களுக்கு ஃபுல் மார்க்"ன்னேன். அவங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஜெரூஷா: அப்புறம்?

கிருபா: அப்புறம் எங்க மாடியில ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு ஜுரம். நாலு பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஸ்ம்ருதிக்கும் வந்துச்சு. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுன்னா. டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கலாம் வாடின்னேன். வரமாட்டேன்னுட்டா. அந்த வாரம்தான் மாக் விசிட். நிஜக் குழு மாதிரியே வேற காலேஜ்லேருந்து டாக்டர்ஸைக் கூட்டிட்டு வந்து ஒத்திகை பாத்தாங்களே, அது. ஸ்கில் லேப்ல பொம்மையை வெச்சு விளக்கிச் சொல்ல இவளைத்தான் போட்டிருந்தாங்க. இங்கிலீஷ் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுவாளே.

ஜெரூஷா: பேசுவா. கிளாஸ்ல கேள்வி கேட்டா எனக்கே நாக்கு ஒட்டிக்கும்.

கிருபா: ஜுரம்னு தெரிஞ்சா ஆளை மாத்திடுவாங்கன்னு வெளியில சொல்லலை. என்னையும் சொல்ல விடலை. யாரும் அவளை வான்னு கட்டாயப்படுத்தலை மேடம். அதையும் சொல்லணுமில்ல? அவளுக்கே ஆசை. மாத்திரையைப் போட்டுக்கிட்டு ராத்திரியெல்லாம் பேசிப் பேசிப் பாத்தா. அன்னிக்குக் காலையில எழுந்து குளிச்சா. "ஜுரம் விட்டுடுச்சுடி, பாத்தியா?"ன்னு கோட்டை அயர்ன் பண்ணினா.

ஜெரூஷா: ஜுரம் விட்டுச்சா...

கிருபா: நீங்க கிளாஸ்ல சொன்னதுதான் மேடம். டெங்குல ஜுரம் இறங்கற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம்னு. எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். பரீட்சையில வந்தா பக்கம் பக்கமா எழுதுவோம். ஆனா அன்னிக்கு அவளைப் பாத்தப்போ எனக்கு அது தோணலை. குளிச்சுட்டு, பொட்டு வெச்சுக்கிட்டு, பளிச்சுனு நிக்கறா. வயிறு வலிக்குதுன்னா. மெஸ் சாம்பார்னு நெனச்சோம். படியில இறங்கறப்போ என் கையைப் பிடிச்சா. ஐஸ் மாதிரி இருந்துச்சு. பதட்டம்னு நெனச்சேன்.

ஜெரூஷா: நீயும் சின்னப் பொண்ணுதானேம்மா.

கிருபா: நல்லா பேசினா மேடம். பொம்மையோட நெஞ்சை அழுத்திக் காட்டி, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம்னு சொல்லி... வந்தவங்க கை தட்டினாங்க. தட்டி முடிக்கிறதுக்குள்ள அவ பொம்மை மேலயே சாஞ்சுட்டா. அவங்க அதையும் விளக்கத்துல ஒரு பகுதின்னு நெனச்சாங்க. ஒருத்தர் இன்னும் கை தட்டிக்கிட்டே இருந்தார்.

ஜெரூஷா: ஐயோ...

கிருபா: ஐ.சி.யு.வுல எல்லாம் பண்ணினாங்க. அதுல பொய் இல்லை. மறுநாள் சாயங்காலம் போயிட்டா. அடுத்த நாள் காலையிலயே குழியில எண்ணெய் ஊத்தி, ப்ளைவுட் போட்டு மூடினாங்க. அப்புறம் லிஃப்ட் வந்துடுச்சு. வார்டன் சொன்ன மாதிரியே இப்ப அங்க குழியே இல்லை.

ஜெரூஷா: வீட்டுல தொத்தினதுன்னு யார் முதல்ல சொன்னது?

கிருபா: தெரியலை மேடம். ரெண்டு நாள்ல எல்லாரும் அதையே சொன்னாங்க. நாலு பேரு வீட்டுக்குப் போனது ஏன்னு யாருமே கேக்கலை.

ஜெரூஷா: இதை நாளைக்குச் சொல்லு.

கிருபா: மேடம்?

ஜெரூஷா: இப்ப என்கிட்ட சொன்னியே, இதை அப்படியே. கதவைச் சாத்தின அந்த ரூம்ல. அந்தக் கேள்வி வந்தா. வரலைன்னாலும் சொல்லு.

கிருபா: காலையிலேருந்து வேற பதில்தானே சொல்லிக்குடுத்தீங்க?

ஜெரூஷா: எட்டு பேருக்கும் சொல்லிக்குடுத்தேன். அது என் வேலை. உன்கிட்ட மட்டும் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். எங்கயாவது உடைஞ்சு உண்மையைச் சொல்லிடுவியான்னு. நீ என்னடான்னா தோசையைச் சொல்றே.

கிருபா: எனக்குப் புரியலை மேடம்.

ஜெரூஷா: எட்டு பேரோட பேரைக் குடுத்தது யாருன்னு நெனச்சே?

கிருபா: டீன் ஆபீஸ்.

ஜெரூஷா: நான்தான். ஏழு பேரை மார்க் பாத்துப் போட்டேன். உன்னை மட்டும்... ஸ்ம்ருதி பக்கத்துக் கட்டில்ல படுத்தவங்கறதுக்காகப் போட்டேன். டீன் உன் பேரை அடிச்சுடுவார்னு நெனச்சேன். அடிக்கலை. அப்பவே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

கிருபா: ஏன் மேடம், நீங்களே சொல்லலாமே? தப்பா கேக்கலை மேடம்.

ஜெரூஷா: தப்பில்லை. கேக்க வேண்டியதுதான். டீச்சர்ஸைக் கேக்கறப்போ துறைத் தலைவர்கள்தான் இருப்பாங்க. நான் அந்த ரூம்லயே இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலை. பயம்தான் கிருபா. இந்த வயசுல வேற காலேஜ் தேடிப் போற தைரியம் எனக்கு இல்லை. வெளியில ஏதாவது எழுதினா கையெழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயம். அதனால ஒரு பொண்ணு தலையில தூக்கி வெச்சுட்டேன். நல்ல காரியமான்னு கேட்டா, இல்லை.

கிருபா: அழாதீங்க மேடம்.

ஜெரூஷா: அழலை. அவங்க எழுதினா மட்டும்தான் இங்க ஏதாவது மாறும். நம்ம பெட்டியில போட்டா பெட்டிக்குள்ள கெடக்கும். அவங்க அறிக்கையில ஒரு வரி வந்தா, அடுத்த மழைக்கு எந்த ஹாஸ்டல் பக்கத்துலயும் குழியைத் தொறந்து போட மாட்டாங்க. தரம்னா அதுதானே? பொம்மையும் லிஃப்ட்டுமா தரம்?

கிருபா: அது சரி மேடம்.

ஜெரூஷா: உன் மேல கை வெக்க முடியாது. பரீட்சை பல்கலைக்கழகம் நடத்துறது. யார் சொன்னான்னே தெரியாது.

கிருபா: அதுக்கெல்லாம் நான் பயப்படலை மேடம். போன வாரம் வரைக்கும் நானே சொல்லணும்னுதான் இருந்தேன். யார்கிட்டயாவது. ராத்திரி படுத்துக்கிட்டு இங்கிலீஷ்ல சொல்லிக்கூடப் பாத்திருக்கேன்.

ஜெரூஷா: அப்புறம் என்ன ஆச்சு?

கிருபா: போன ஞாயித்துக்கிழமை முடிச்சூர் போனேன். ஸ்ம்ருதி அம்மா போன் பண்ணி வரச் சொன்னாங்க. அவங்கப்பா யக்ஞநாராயணன் அங்கிள் கேட் கிட்டயே நின்னார். என்னைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டார்.

ஜெரூஷா: பாவம். வீட்டுலேருந்துதான் வந்துச்சுன்னு அவங்களே நம்பிக்கிட்டிருப்பாங்க. நீ உண்மையைச் சொன்னா அந்த அம்மாவுக்காவது மனசு...

கிருபா: அவங்களுக்குத் தெரியும் மேடம்.

ஜெரூஷா: என்ன தெரியும்?

கிருபா: குழி. ஸ்ம்ருதி ஜன்னல்லேருந்து வீடியோ எடுத்து அவங்களுக்கு அனுப்பியிருக்கா. "அம்மா, நம்ம வீட்டுக்குள்ள வந்த தண்ணி என்னைத் தேடிக்கிட்டு இங்கயே வந்துடுச்சு பாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே பேசியிருக்கா. அம்மா போட்டுக் காட்டினாங்க. ஒரு மாசமா வராத பொண்ணுக்கு வீட்டுல எப்படிடி கொசு கடிக்கும்னு அவங்களே கேட்டாங்க.

ஜெரூஷா: தெரிஞ்சுமா சும்மா இருக்காங்க?

கிருபா: அங்கிள் கோர்ட்டுக்குப் போகணும்னார். எல்லாம் தயாரா வெச்சிருந்தாராம். அம்மாதான் வேணாம்னுட்டாங்க. அதனாலதான் ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை. நாளைக்குத் திறப்பு விழாவுக்கு அம்மா மட்டும்தான் வராங்க.

ஜெரூஷா: திறப்பு விழாவுக்கா? அந்தக் கட்டடத்துக்கா?

கிருபா: முன் வரிசையில இடம் போட்டிருக்காங்க.

ஜெரூஷா: அவங்களுக்கு அங்க என்ன வேலை?

கிருபா: வாசல்ல பேர்ப் பலகையைத் துணி போட்டு மூடியிருக்கே, பாத்தீங்களா மேடம்?

ஜெரூஷா: பாத்தேன். சேர்மனோட அம்மா பேருன்னு சொன்னாங்க.

கிருபா: இல்ல மேடம். ஸ்ம்ருதி பேரு. டீன் அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கார். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம், முன்னாடி "டாக்டர்"னு போடுவீங்களான்னு. டீன் சரின்னாராம். நான் எதுவும் வெளியில சொல்லாமப் பாத்துக்கறது தன் பொறுப்புன்னு அம்மாவே அவர்கிட்ட சொல்லியிருக்காங்க.

ஜெரூஷா: கிருபா...

கிருபா: அன்னிக்கு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க மேடம். "குழியைப் பத்தி நீ சொன்னா அந்தப் பலகையை எடுத்துடுவாங்கம்மா. என் பொண்ணு பேருக்கு முன்னாடி டாக்டர்னு இந்த உலகத்துல அந்த ஒரு சுவத்துலதான் இருக்கப்போகுது"ன்னாங்க. நான் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.